மீட்டர் வைத்த பிறகுதான் தெரிந்தது: எங்கள் பொது சுத்திகரிப்பு நிலையம் பற்றி ஒரு சாயப்பட்டறைக்காரரின் மதிப்பீடு

போன மாதம் மட்டும் இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். சாயப்பட்டறை வாங்கப் போகிறோம், பல பட்டறைகள் சேர்ந்து கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் பங்கு உள்ள பட்டறையாகப் பார்ப்பதா, இல்லை கொஞ்சம் இடம் கூடுதலாக உள்ளதை வாங்கி ஆர்.ஓ. (உப்பைப் பிரிக்கும் சவ்வு வடிகட்டி), எவாப்பரேட்டர் (தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கும் கருவி) எல்லாம் சொந்தமாகப் போட்டுக்கொள்வதா? போனில் அரை மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. அதனால் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயம் போடுகிறோம். பெரும்பாலும் ஜாப் ஒர்க், அதாவது அடுத்தவர் துணிக்குக் கூலிக்குச் சாயம் போடுவது. துணி பருத்தி, சாயம் ரியாக்டிவ் என்ற வகை. பத்து வருஷத்துக்கு மேலாக ஒரு பொது நிலையத்தில் உறுப்பினர். நிலையத்தின் பெயரை எழுதவில்லை. குறைகளும் சொல்லப் போகிறேன், அங்கே இரவு ஷிஃப்டில் நிற்கிற பையன்களுக்கு இதனால் சங்கடம் வரக்கூடாது.

முதலில் எங்கள் தொழிலின் சிக்கல் என்னவென்று தெரியாதவர்களுக்காக. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமென்றால் உப்பு வேண்டும். லைட் ஷேடு என்றால் லிட்டருக்கு இருபது, முப்பது கிராம் போதும். கறுப்பு, நேவி, மெரூன் என்றால் எண்பது கிராம் வரைகூடப் போகும். சாயத்தில் பெரும்பகுதி துணியில் பிடித்துக்கொள்ளும், ஆனால் உப்பு பிடிக்காது. போட்ட உப்பு அத்தனையும் பாத் தண்ணீரோடு, அதாவது துணியை முக்கும் சாயத் தண்ணீரோடு, வெளியே வந்துவிடும். நிறத்தைச் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டு எடுத்துவிடலாம். தொண்ணூறுகளின் கடைசியில் கட்டிய நிலையங்கள் அதைத்தான் செய்தன, தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும். உப்பு அப்படியே இருக்கும். ஆற்றில் விடும் தண்ணீருக்கு டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்பு முதலியவற்றின் அளவு) வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம், எங்கள் கழிவுநீர் சாதாரணமாகவே அதைப் போல இரண்டு மூன்று மடங்கு.

அந்தத் தெளிந்த உப்புத் தண்ணீர்தான் எங்கள் நொய்யல் ஆற்றைக் கொன்றது. விவசாயத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கட்டிய சில வருஷங்களிலேயே சாயத் தண்ணீர்த் தொட்டியாகிவிட்டது. எங்களுக்குத் தூரத்துச் சொந்தம் ஒருவர் அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிறார். நான் கல்லூரி படிக்கும்போது ஒரு கல்யாணத்தில் என் அப்பாவைப் பார்த்து, "ஏனுங் மாப்ள, உங்க பட்டறை ஓடுனா எங்க கெணறு சாகுதுங்களே, அதுக்கு என்ன பண்றதுங்?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அப்பா பதில் சொல்லவில்லை, பந்தியிலும் உட்காரவில்லை.

ஆற்றின் கீழ்ப்பக்கத்து விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது, 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஒரு சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்பதுதான் சாரம், ஜீரோ டிஸ்சார்ஜ். அதற்குப் பிறகும் ஊர் இழுத்தடித்தது. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எழுநூற்றுக்கு மேற்பட்ட பட்டறைகளையும் பொது நிலையங்களையும் மொத்தமாக மூடச் சொல்லிவிட்டது. மின் இணைப்பைத் துண்டித்தார்கள். எந்நேரமும் நீராவிச் சத்தம் இருந்த கொட்டகையில் அன்று அணில் ஓடுகிற சத்தம் கேட்டது, அதை நான் மறக்கவில்லை. துணி அகமதாபாத், லூதியானா என்று சாயத்துக்குப் போனது. நிறையப் பேர் தொழிலை விட்டே போனார்கள்.

இதை விரிவாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இப்போது கருத்தரங்குகளில் கம்பெனிகள் எப்படிச் சுற்றுச்சூழல் உத்தியைத் தேர்ந்தெடுக்கின்றன என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள், நிர்வாகத்தின் தொலைநோக்கு, மதிப்பீடுகள் என்றெல்லாம். நான் பார்த்தவரை முதல் அடியை வைக்க வைத்தது நீதிமன்றம். வேலூர் தோல் தொழிற்சாலைகளிலும் இதே கதைதான், 1996இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பு சொன்ன பிறகுதான் அங்கே வேலை வேகம் பிடித்தது. இரண்டாவதாகத் தள்ளுவது பையர், நம் சரக்கை வாங்குகிறவர். கோவையில் போல்ட், நட்டு செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் நண்பர் ஒருவர் கார்பன் கணக்கைப் பற்றி நினைத்ததே கிடையாது. 2023 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் விதி, இறக்குமதிப் பொருளைச் செய்ய எவ்வளவு கார்பன் வெளியானது என்று அறிக்கை கேட்க ஆரம்பித்ததும் இறக்குமதியாளர் ஒரு எக்செல் தாளை அனுப்பினார். அந்தத் தாளின் காலி கட்டங்களை நிரப்ப முடியாமல்தான் ஃபர்னஸுக்குத் தனி மின் மீட்டர் மாட்டினார். மூன்றாவது, பணம். திருப்பூர்க்காரர்கள் உடுமலைப் பக்கம் காற்றாலை வாங்கிப் போட்டதை இன்று பசுமை மின்சாரம் என்று பெருமையாகச் சொல்கிறோம், சொல்லலாம், தப்பில்லை. ஆனால் வாங்கிய காலத்தில் ஆடிட்டர் காட்டியது முதல் வருஷமே 80 சதவீதம் தேய்மானம் கழித்து வரியை மிச்சம் செய்யலாம் என்ற கணக்கை. 2017இல் அதை 40 சதவீதமாகக் குறைத்ததும் வாங்கும் ஆசையும் குறைந்தது. மனசு மாறி வந்தவர்களும் உண்டு, அவர்களை மதிக்கிறேன். ஆனால் பத்துப் பட்டறை ஒன்றாக மாற வேண்டுமென்றால் மனசை மட்டும் நம்ப முடியாது.

சரி, நிலையத்துக்கு வருகிறேன்.

மூடிய பிறகு அரசு பொது நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. அருள்புரம் பொது நிலையத்தில் உப்புக் கரைசலை அப்படியே மீட்டு மறுபடி சாயத்துக்குப் பயன்படுத்தும் முறை ஓடிக் காட்டியது, மற்ற நிலையங்களும் மெல்ல அந்த வழிக்கு வந்தன. எங்கள் நிலையத்தில் நடப்பது இதுதான்: பட்டறைகளிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் பெரிய தொட்டியில் கலக்கும், பாக்டீரியா அழுக்கைத் தின்னும், நிறம் எடுப்பார்கள், வடிகட்டி ஆர்.ஓ.வுக்கு விடுவார்கள். நல்ல தண்ணீர் எங்களுக்கே திரும்பி வரும். மிச்சமாகும் அடர்த்தியான ரிஜெக்டை நானோ ஃபில்டரில் பிரித்து உப்புக் கரைசலாக ஒரு பங்கு எங்களுக்குத் தருவார்கள், மீதியை எவாப்பரேட்டரில் கொதிக்க வைத்துக் கிளாபர் சால்ட்டாக (சோடியம் சல்பேட் உப்பு) எடுப்பார்கள். முன்பெல்லாம் சமையல் உப்புதான் மலிவு என்று கொட்டுவோம். மீட்டு எடுக்கச் சுலபம் என்பதால் இப்போது சோடியம் சல்பேட்டுக்கு மாறிவிட்டோம்.

இந்தச் சேவையின் ஆகச்சிறந்த பகுதி எது என்று கேட்டால் ஆர்.ஓ. என்று சொல்லமாட்டேன். எங்கள் கேட்டுக்குப் பக்கத்தில் கழிவுநீர் போகிற குழாயில் மாட்டிய மீட்டர்தான்.

சேர்ந்த புதிதில் அதை மாட்டினார்கள். லிட்டருக்கு இத்தனை பைசா என்று கணக்கு. முதல் மாத பில் வந்ததும் அப்பா மீட்டர் தப்பாக ஓடுகிறது என்று நேரே நிலையத்துக்குப் போய்விட்டார். மறுநாள் ஒரு டெக்னீஷியன் இருநூறு லிட்டர் பேரலைக் கொண்டுவந்து வைத்து, நிரம்ப நிரம்ப அளந்து காட்டினார். மீட்டர் சரியாகத்தான் ஓடியது. அன்றைக்கு இரவு நான் நாற்காலி போட்டு மீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். விடியற்காலை மூன்று மணி இருக்கும், இரண்டு மெஷின்தான் ஓடிக்கொண்டிருந்தது, அதிலும் ஒன்றில் சாயம் ஏறிக்கொண்டிருக்கிறது, தண்ணீர் விடவே வேண்டாம். ஆனாலும் முள் சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் விஞ்ச் என்ற பழைய வகைச் சாய மெஷினில் ஓவர்ஃப்ளோ வாஷ். மேலே வால்வு முழுதாகத் திறந்திருக்கிறது, கீழே வழிந்து ஓடுகிறது. போகிற தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தேன், நிறமே இல்லை, சுத்தமான தண்ணீர். ஆபரேட்டரைக் கேட்டால், "தண்ணி ஓடிட்டே இருந்தாத்தாண்ணா கலர் ப்ளீட் ஆகாது, முன்னாடி மாஸ்டர் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. முப்பது வருஷம் ஊரே அப்படித்தான் ஓடியது. போர்த் தண்ணீரும் லாரித் தண்ணீரும் வாங்குகிற காசுதான் கண்ணுக்குத் தெரியும், வெளியே போகிற தண்ணீருக்குக் காசு என்று ஒன்றே கிடையாது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாமே அந்த மீட்டரிலிருந்து வந்ததுதான். ஓவர்ஃப்ளோவை நிறுத்தி, நிரப்பி ஓட்டி வடித்து மறுபடி நிரப்புகிற முறைக்கு மாறினோம். பிளீச்சுக்குப் பிறகு பெராக்சைடை எடுக்க மூன்று வாஷ் விடுவோம், அதற்கு என்சைம் போட்டு ஒரே பாத்தில் முடித்தோம். மெஷினைக் குளிர வைக்கும் தண்ணீர் அழுக்கே ஆகாமல் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது, அதைத் தொட்டியில் பிடித்து அடுத்த லாட்டுக்குச் சூடாகவே எடுத்ததில் பாய்லர் விறகும் குறைந்தது. கடைசியில் கடன் வாங்கி விஞ்சை எடுத்துவிட்டு, குறைந்த தண்ணீரில் ஓடும் சாஃப்ட் ஃப்ளோ மெஷின் போட்டோம். விஞ்சில் ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டருக்கு மேல் பாத் பிடிக்கும், இதில் ஆறு. பாத் குறைந்தால் உப்பும் குறையும், ஏனென்றால் உப்பைத் துணிக்குப் போடுவதில்லை, தண்ணீருக்குத்தான் போடுகிறோம். எல்லா வாஷும் சேர்த்து கிலோவுக்கு நூறு லிட்டரைத் தாண்டி இருந்தது, இன்று அறுபதுக்குக் கீழே நிற்கிறது. எந்த ஆலோசகரும் வந்து சொல்லித்தரவில்லை.

ஆலோசகர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பையர் கேட்கிறார் என்று ஐ.எஸ்.ஓ. 14001 என்ற சுற்றுச்சூழல் நிர்வாகச் சான்று எடுக்க ஒரு ஆலோசனை நிறுவனத்தை வைத்தோம். நல்ல தொகை வாங்கினார்கள். சுற்றுச்சூழல் கொள்கை என்று ஒரு பக்கம் அடித்து ஃபிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவிட்டுப் போனார்கள். மூன்று மாதம் கழித்து எங்கள் கணக்குப் பிள்ளைதான் அதை நின்று படித்தார். அதில் பெயின்ட் பூத் புகையைக் கட்டுப்படுத்துவோம் என்று ஒரு வரி! வேறு ஏதோ கம்பெனிக்கு எழுதியதை அப்படியே எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஐ.எஸ்.ஓ. தரத்தைக் குறை சொல்லவில்லை, என்ன செய்கிறாய், எதை அளக்கிறாய், எப்படித் திருத்துகிறாய் என்று அது கேட்கும் கேள்விகள் நல்ல கேள்விகள். அந்த ஃபிரேமைக் கழற்றி எறிந்துவிட்டு, மீட்டர் எண்களை வைத்து நானும் டையிங் மாஸ்டரும் தமிழில் எழுதினோம், அப்புறம்தான் அது எங்களுடையதாக ஆனது.

பையர் கேட்கும் ரசாயனப் பட்டியல் விஷயம் வேறு மாதிரி, அது உண்மையிலேயே பயன்பட்டது. இசட்.டி.எச்.சி. தடைப் பட்டியல் (துணித் தொழிலில் பயன்படுத்தக்கூடாத ரசாயனங்களின் பட்டியல்) வந்த பிறகு ஸ்டோரில் இருந்த ஒவ்வொரு கேனையும் எடுத்து லேபிள் பார்த்தோம். பாதிக் கேனில் லேபிளே இல்லை. அவற்றையெல்லாம் நிறுத்தினோம். கழிவுநீர் எளிதாகச் சுத்தமாகிறது என்று நிலையத்தின் லேப்காரர்களே பிறகு சொன்னார்கள்.

இனி தரம். திரும்பி வரும் தண்ணீருக்கு முழு மதிப்பெண் தரலாம். திருப்பூர் போர்த் தண்ணீரின் கடினத்தன்மையோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் இது புரியும். ஆர்.ஓ. தண்ணீரில் ஷேடு ஒரே மாதிரி வருகிறது, ரீ-டையிங் குறைந்துவிட்டது, சோப்பும் குறைவு. வருகிற அளவும் நாங்கள் அனுப்புவதில் பெரும்பகுதி, வெளியிலிருந்து வாங்குவது இப்போது கொஞ்சம்தான்.

உப்புக் கரைசலுக்கு அவ்வளவு தரமாட்டேன். ஒவ்வொரு நடை வரும்போதும் கண்ணாடி பீக்கரில் பிடித்து, பின்னால் வெள்ளைப் பனியன் துண்டு ஒன்றை வைத்துப் பார்ப்போம். நல்ல நாளில் தண்ணீர் போலவே இருக்கும். சில நாள் லேசாக ஒரு மஞ்சள் ஓடும், இஞ்சித் தேநீரை நாலு பங்கு தண்ணீர் விட்டுக் கலக்கியது போல. கறுப்புக்கும் நேவிக்கும் அது பரவாயில்லை, கண்ணை மூடிக்கொண்டு போடலாம். பேபி பிங்க்கோ ஸ்கை ப்ளூவோ போட்டால் போச்சு, ஷேடு மங்கிவிடும். ஒரு முறை நானூறு கிலோ லாட் அப்படிக் கெட்டு, பார்ட்டியிடம் டெபிட் நோட் (நஷ்டத்தை எங்கள் கணக்கில் கழிக்கும் சீட்டு) வாங்கினோம். நிலையத்தில் நஷ்டத்தை ஏற்கவில்லை. கரைசலின் நிற அளவை பில்லோடு எழுதித் தாருங்கள் என்று பொதுக்குழுவில் மூன்று முறை கேட்டிருக்கிறேன், டி.டி.எஸ். மட்டும்தான் வருகிறது. உப்பின் அடர்த்தியும் நடைக்கு நடை மாறும், ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்க்காமல் பாத்தில் விடாதீர்கள்.

இன்னொரு பெரிய குறை, நிறுத்தச் சொல்லும் போன். எவாப்பரேட்டரில் ஏதாவது பழுதென்றால் தொட்டி நிரம்பிவிடும், தண்ணீர் அனுப்பாதீர்கள் என்று எல்லா உறுப்பினருக்கும் போன் வரும். பெரும்பாலும் ஷிப்மென்ட் நெருக்கத்தில்தான் இது நடக்கும், ஏனென்றால் அப்போதுதான் எல்லோரும் ஒன்றாக ஓட்டுகிறோம். காரணம் நம்மிடமும் இருக்கிறது. அனுமதித்த அளவைவிடக் கூடுதலாகச் சிலர் அனுப்புகிறார்கள், அதற்கு விலை கூட்டி பில் போடுவதோடு நிலையம் விட்டுவிடுகிறது. பத்துப் பேர் அளவோடு அனுப்பி இரண்டு பேர் மீறினால் நிறுத்தம் பன்னிரண்டு பேருக்கும்தான். இதில் நிலையம் கண்டிப்பு காட்டியே ஆக வேண்டும்.

எவாப்பரேட்டர் பற்றிப் பேசுவதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது எனக்கு மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்து உப்பெடுக்க விறகும் மின்சாரமும் ஏராளமாகப் போகிறது. ஆற்றில் விட்டதை நிறுத்திப் புகைபோக்கியில் ஒரு பங்கை விடுகிறோம். அதற்காக ஆற்றில் விடலாம் என்று அர்த்தமில்லை. கேட்டுக்குள்ளேயே தண்ணீரையும் உப்பையும் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துவிட்டு மிச்சத்தைத்தான் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அர்த்தம். நிறையப் பேர் நிலையத்தில் பங்கு இருக்கிறது, பில் கட்டுகிறோம், கடமை முடிந்தது என்று இருக்கிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

சொந்த நிலையம் பற்றி: பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குப் பொருந்தும். உப்பின் தரம் உங்கள் கையில் இருக்கும், யாரும் போன் போட்டு நிறுத்த மாட்டார்கள். ஆனால் முதல் போடுவது கோடிக்கணக்கில், அதற்கு மேல் மெம்பிரேன் மாற்றுவது, இரவும் பகலும் தெரிந்த ஆள் நிற்பது. ஆள்தான் பெரிய பிரச்சினை. இரவு இரண்டு மணிக்கு நானோ ஃபில்டரில் அழுத்தம் ஏறினால் என்ன செய்வதென்று தெரிந்தவர் சிறிய பட்டறையில் நிலைக்க மாட்டார், பெரிய இடத்துக்குப் போய்விடுவார். அப்படி ஆள் போன பிறகு பழுதை மறைத்து ராத்திரியில் திறந்துவிடும் சபலம் வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். நம்மைப் போன்ற ஜாப் ஒர்க் பட்டறைக்குப் பொது நிலையமே நல்லது, பத்துப் பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு காவல்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை தருவேன். தண்ணீருக்கு ஐந்து, மீட்டர் கணக்கின் நேர்மைக்கு ஐந்து, உப்புக் கரைசலுக்கு மூன்று, உறுப்பினர் கேள்விக்குப் பதில் சொல்லும் விதத்துக்கு இரண்டு.

போன பொங்கலுக்கு அந்தச் சொந்தக்காரர் தோட்டத்துக்குப் போயிருந்தேன். டி.டி.எஸ். பேனா பையில் இருந்தது, கிணற்றுத் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். இன்னும் குடிக்கிற மாதிரி இல்லை. ஆனால் கிணற்றோரம் இரண்டு வரிசை தென்னங்கன்று புதிதாக வைத்திருந்தார். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, இளநீர் மட்டும் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வாங்கி வந்து கொடுத்தார்.

பட்டறை வாங்கப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பங்குப் பத்திரம், கன்சென்ட் (மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி) தேதி, அனுமதித்த லிட்டர் எல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார். நீங்கள் நிலையத்துக்குச் சொல்லாமல் ஒரு காலை ஆறு மணிக்குப் போங்கள். ஆர்.ஓ. பக்கம் கூட்டிப் போவார்கள், பளபளவென்று இருக்கும், பார்த்துவிட்டு அப்படியே பின்பக்கம் நடங்கள். அங்கே தகரக் கொட்டகையில் மிக்ஸட் சால்ட் மூட்டை அடுக்கியிருப்பார்கள், எதற்கும் உதவாத கலப்பு உப்பு, கையால் தட்டினால் கல் மாதிரி இருக்கும். கழிவுச் சேறாவது சிமென்ட் ஆலைக்குப் போய்விடும், இதை வாங்க ஆள் இல்லை. மூட்டை எத்தனை, எத்தனை வருஷமாக நிற்கிறது, மழைத் தண்ணீர் உள்ளே வராமல் தரையும் கூரையும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கொட்டகையைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.